ஜன்னலோரத்தில் செல்போன்

ஏற்காடு,
ஐப்பசிக் கடைசி.

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. செல்போன் இணையத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய், அதற்குத்தான் இந்தப் பதில். இதையெல்லாம் செல்போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நீ அதில் எதையும் முழுதாகப் படிப்பதில்லை. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. போன மாதம் அடித்த காற்றில் தோட்டத்து மேல் எல்லையில் இருந்த சில்வர் ஓக் மரம் ஒன்று, படர்ந்திருந்த மிளகுக்கொடியோடு சாய்ந்தது. சாய்ந்தது சும்மா சாயாமல் வீட்டுக்கு வரும் இணையக் கேபிளையும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஒட்ட ஆள் வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. தீபாவளிக்கு வந்த பேத்தி அப்போது இங்கேதான் இருந்தாள். பெங்களூரு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். காலை பத்து மணிக்குக் கூட்டம், மாலை நாலு மணிக்குக் கூட்டம். கேபிள் போனதும் அவள் பதறவில்லை. “தாத்தா, போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்கிறேன், போனின் இணையம் வைஃபையாகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்” என்று சொல்லி, செல்போனைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்கட்டு அறையில் உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டரில் வைஃபையைக் காட்டும் விசிறி மாதிரி அடையாளம் முழுதாக விரிந்திருந்தது. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அணைத்தாள், போட்டாள், கடவுச்சொல்லை மாற்றினாள், ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது வருடம் காப்பித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவன் நான். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது விஷயம் பிடிபட்டது. அந்த விசிறி சொல்வது கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் நடுவே உள்ள ஒரு முழத் தூரத்தைப் பற்றி மட்டும். செல்போனுக்கும் கோபுரத்துக்கும் நடுவே என்ன நிலைமை என்பதைச் செல்போனின் தலையில் நிற்கும் கோடுகள்தான் சொல்லும். அதில் ஒற்றைக் கோடு, அதுவும் வருவதும் போவதுமாக இருந்தது. பின்கட்டு அறை மலைச்சரிவை ஒட்டியது அல்லவா? தொட்டிக்கே தண்ணீர் ஏறாதபோது பாத்திக்குப் போகும் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இரவில் சேலத்து விளக்குகள் தெரியும் என்று உனக்குக் காட்டினேனே, அந்த ஜன்னல். அங்கே வைத்ததும் மூன்று கோடு. கீழே கம்ப்யூட்டரில் விசிறி பாதியாகச் சுருங்கிவிட்டது, ஆனால் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது! ஆளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது கம்ப்யூட்டர். செல்போன் சிக்னல் கிடைக்கிற இடத்தில் இருந்தால் போதும்.

இடையில் கருங்கல் சுவர் இருப்பதால் அவ்வப்போது அறுந்தது. பேத்தி செல்போனின் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் (settings) போய், வைஃபை அலைவரிசை 5 கிகாஹெர்ட்ஸ் என்றிருந்ததை 2.4 என்று மாற்றினாள். ஐந்து வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 மெதுவானது, தூரம் போகும்.

உன் வில்லங்கமும் இதுதான் என்று நினைக்கிறேன். செவ்வாய்ப்பேட்டைக் கடையில் கொலுசுக் கணக்குப் பார்க்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் உன் புதுச் செல்போனின் பெயரே வரவில்லை என்று எழுதியிருந்தாய். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலை கண்ணுக்கே தெரியாது. அந்த ஒன்றை மாற்றிப் பார். ஐபோனாக இருந்தால் அதிகப் பொருத்தம் (Maximize Compatibility) என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டால் போதும். அப்படியும் வராவிட்டால் வைஃபையை விட்டுத்தள்ளு. சார்ஜ் போடும் ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகி, செல்போனில் யூஎஸ்பி டெதரிங், அதாவது ஒயர் வழியே இணையம் தருவது, என்பதைத் தட்டு. நீ உட்கார்ந்த இடத்தில் சிக்னல் நன்றாக இருந்தால் இதைவிட நிலையான வழி இல்லை. கூடவே செல்போனுக்குச் சார்ஜும் ஏறும். ஆனால் மலிவு ஒயர்கள் சில சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தகவலைக் கடத்தாது. செல்போனோடு வந்த ஒயரையே எடு. புளூடூத் வழியாகவும் பகிரலாம். பேட்டரி அதிகம் குறையாது, ஆனால் மாட்டுவண்டி வேகம்.

நான் பட்ட நஷ்டத்தையும் கேள். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குள் சிம்மில் அன்றைக்குக் கிடைக்கும் 1.5 ஜிபி டேட்டா தீர்ந்துபோயிற்று. யாரும் படம் பார்க்கவில்லை, பாட்டுக் கேட்கவில்லை. வைஃபை என்று கண்டதும் கம்ப்யூட்டர், அது வீட்டுக் கேபிள்தான் என்று நினைத்துக்கொண்டு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது! விண்டோஸில் அந்த இணைப்பை அளவுக்குட்பட்டது (metered) என்று குறித்து வைத்தால் பெரும்பாலான புதுப்பிப்புகள் அடங்கும். அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் என்று நத்தை வேகமாகிவிட்டது. பேத்திக்கு அழுகையே வந்துவிட்டது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது தொலைபேசிக் கம்பி வழியே கிடைத்தது 9.6 கேபிபிஎஸ்தான் என்று அவளைத் தேற்றப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையை உன்னிடம் எழுத்தில் காட்ட முடியாது.

இன்னொரு நாள் வேறு கூத்து. அவள் செல்போனில் இரண்டு சிம். ஒன்றில் இணையம், மற்றொன்று வீட்டாருக்கு. கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் என் வீட்டுக்காரி சந்தையிலிருந்து இரண்டாவது எண்ணுக்குக் கூப்பிட்டு, பீன்ஸ் எவ்வளவு வாங்குவது என்று கேட்டாள். பேசி முடிக்கும் வரை இணையம் நின்றுவிட்டது. பல செல்போன்களில் இப்படித்தானாம். அரைக்கிலோ பீன்ஸுக்காக பெங்களூரு காத்திருந்தது.

கடவுச்சொல் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்தது எட்டு எழுத்து கேட்கும். சோம்பேறித்தனமாக ஒன்று முதல் எட்டு வரை எண்களை வைத்திருந்தாள். பக்கத்து வாடகை வீட்டுக்கு வந்த சுற்றுலாப் பையன்கள் எப்படியோ உள்ளே நுழைந்து கிரிக்கெட் பார்த்திருக்கிறார்கள். எத்தனை கருவி சேர்ந்திருக்கிறது என்பதைச் செல்போனே காட்டுகிறது. ஒன்றுக்குப் பதில் நான்கு என்றிருந்தபோதுதான் கண்டுபிடித்தோம். உன் கடையில் நாலு பேர் வந்து போகிறார்கள், வேலை முடிந்ததும் அணைத்துவிடு. அணைக்காமல் விட்டால் பேட்டரியும் கரையும், செல்போனும் சுடும். ஜன்னலோரத்தில் வெயில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, வெயிலைப் பார்த்தே பத்து நாளாகிறது.

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். தோட்டத்தில் காட்டெருமை இரண்டு முறை வந்துபோயிற்று. வேலி போன இடத்தில் வாழையும் போயிற்று. காப்பிக் காய் இன்னும் பச்சையாகவே இருக்கிறது, கார்த்திகையில் பழுக்கத் தொடங்கும். பழம் எடுக்க ஆரம்பித்துவிட்டால் உன்னோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. அதற்கு முன் ஒரு நாள் மேலே வா. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி, பேத்தி பார்த்துக் கொடுப்பாள்.

வரும்போது தட்டுவடை செட் நாலு வாங்கி வா. சட்னியைத் தனியாகக் கட்டச் சொல். சேர்த்துக் கட்டினால் இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி வருவதற்குள் நமுத்துப்போய்விடும்.

அன்புடன்,
உன் மலைக்காரன்