நான்காம் மாடி சார்ஜனை முன்பே தெரிந்திருந்தால்

பினாங்கில் ஓய்வுபெற்ற, பணியிலிருக்கும் காவலர்களின் தோழமைச் சங்கத்தாருக்கு வணக்கம்.

பிறையில் எங்கள் பிளாட்டின் நான்காம் மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். காலையில் பேப்பர் வாங்க இறங்குவார், மாலையில் பேரனைத் திடலுக்குக் கூட்டிப் போவார். போன வருடம் அவர் தவறியபோது உங்களில் சிலர் வந்து, பெட்டிக்கு அருகே வரிசையாக நின்று சல்யூட் அடித்தீர்கள். பார்த்த எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போலீஸ் சார்ஜனாக ஓய்வு பெற்றவர் என்பது பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குச் சில மாதம் முன்பு ஏழாம் மாடி அக்கா ஒருவர் போனில் ஏமாந்தார். பேசியவன் தன்னைப் போலீஸ் அதிகாரி என்றான். உங்கள் பெயரில் கள்ளப் பணம் புழங்கியிருக்கிறது, வெளியே சொன்னால் இன்றே கைது, இருக்கிற பணத்தை நான் சொல்லும் கணக்குக்கு மாற்றுங்கள், விசாரணை முடிந்ததும் திரும்ப வரும் என்று மிரட்டினான். மக்காவ் மோசடி என்கிறோமே, அதுதான். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை அக்கா அப்படியே மாற்றிவிட்டார். மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பணம் போன கையோடு மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழைத்திருந்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் தடுக்க வழி இருந்திருக்கும். 2022 அக்டோபரிலிருந்து அந்த எண் இருக்கிறது. அக்காவுக்குத் தெரியாது.

மூன்று மாடி இறங்கி சார்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? "போலீஸ் போனில் பணம் கேட்காது தங்கச்சி, முதல்ல போனை வைம்மா" என்றிருப்பார்.

சார்ஜனைக் குறை சொல்லவில்லை. விசாரித்துப் பழகாதது எங்கள் தவறும்தான். ஆனால் அந்த மோசடிக்காரனுக்கு மூலதனமே நம் ஆட்களுக்குப் போலீஸ் மேல் இருக்கும் பயம்தான். பாலாய், அதாவது போலீஸ் நிலைய வாசலை மிதிக்காதவருக்கு நிஜப் போலீஸ்காரர் எப்படிப் பேசுவார் என்று எப்படித் தெரியும்?

1950-இல் இங்கிலாந்தில் ஆர்தர் துரூப் என்ற போலீஸ் சார்ஜன் அனைத்துலகக் காவலர் சங்கத்தைத் தொடங்கினார். எஸ்பெராந்தோ மொழியில் அவர்கள் வைத்துக்கொண்ட வாசகம், 'செர்வோ பெர் அமிகேசோ'. நட்பின் வழியே சேவை என்று பொருள். உங்கள் நட்பைச் சாவு வீட்டிலேயே பார்த்துவிட்டேன். அந்தச் சேவை எங்கள் பிளாட் வாசலுக்கும் வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

போனைத் தாண்டியும் நீங்கள் சொல்லித்தர நிறைய இருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட்டை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், அதற்குக் காசு கிடையாது என்பதே பலருக்குப் புதுச் செய்தி. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின் படித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு சொல்கிறது. மலாய் வாசிக்கத் தெரியாத நம் பாட்டிமார் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அப்புறம் 107ஏ. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், புகார் கொடுத்து நான்கு வாரம் கழித்து விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். "ரிப்போர்ட் கொடுத்து என்ன ஆகப்போகுது" என்று சலித்துக்கொள்பவர்களிடம் இதை யார் சொல்வது? நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்தச் சீருடையைப் போட்டவர் தமிழில் சொன்னால் நம்புவார்கள்.

மலேசியக் காவல்துறை ஆண்டுதோறும் மார்ச் 25-ஐக் காவலர் நாளாகக் கொண்டாடுகிறது. 1807-இல் அந்த நாளில், காவல்துறைக்கு அடித்தளமான நீதிச் சாசனம் கிடைத்தது நம் பினாங்குக்குத்தான். அடுத்த மார்ச் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணி, உங்களில் ஒருவர் போதும். உரை, பேனர், மாலை எதுவும் வேண்டாம். பிளாட்டுக்குக் கீழே மேசையும் நாற்காலியும் இருக்கின்றன. முதல் ஞாயிறு ஏழாம் மாடி அக்காவை நானே கூட்டி வருகிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
பிறை பிளாட்வாசி ஒருத்தி