ஆறு வார ஆயுள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் தெருமுனைக் கறிக்கடைக்கு விடியற்காலையில் வந்து நிற்கும் மினி வேனிலிருந்து, பிராய்லர் கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாக, ஒரு கைக்கு நான்கைந்தாக இறக்குவதை நாள்தோறும் பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு கோழி, கூண்டுக் கம்பியில் இறக்கை சிக்கியபடி வெகுநேரம் தொங்கிக்கொண்டிருந்தது. கோழி, பொதுவாக ஐந்தாறு ஆண்டுகள் வாழக்கூடிய பறவை. ஆனால் பிராய்லர், வேகமாகச் சதை போடவென்றே தேர்ந்து பெருக்கப்பட்ட இனம் என்பதால், தன் எடையைத் தாங்கக் கால்கள் வலுப்பெறுவதற்கு முன்பே, ஏறக்குறைய ஆறு வாரத்தில் கத்திக்கு வந்துவிடுகிறது. முட்டைக்காக வளர்க்கும் இனத்தின் சேவல் குஞ்சுகளுக்கோ, அவை முட்டையிடாது என்பதால், பொரிப்பகத்தில் பெரும்பாலும் ஒரு நாள்கூட வாய்ப்பதில்லை. (நானும் ஞாயிறுதோறும் கறி வாங்குபவன்தான், அதை மறைக்கவில்லை.)

துன்புறுத்தும் வகையில் விலங்குகளை ஏற்றிச்செல்வது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால், முதல் குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். இன்று அந்தப் பணத்துக்குக் அரைக் கிலோ கறிகூடக் கிடைக்காது. அபராதத்தை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை. கடைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும் அதிகாரிகள், கூண்டில் கோழிகள் நிற்க இடமும் குடிக்கத் தண்ணீரும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை-39