குளியல் தொட்டிக் கொலைகள்: உரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மணந்த பெண்கள் மூவரைப் பணத்துக்காகக் குளியல் தொட்டியில் மூழ்கடித்துக் கொன்ற இங்கிலாந்தின் ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் வழக்கைப் பற்றி நம் வாசகர் வட்டத்தில் பேசியது நான்தான். ஆனால் பாதி உழைப்பு உங்களுடையது. பெயர் வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால், உறவு சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதலில் வக்கீல் ஐயாவுக்கு. மூவரில் முதலில் இறந்த பெஸ்ஸி மண்டியின் சுமார் 2,500 பவுண்டு டிரஸ்டில் இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்வரை கணவன் அதைத் தொட வழியில்லை, உயில் இருந்தால்தான் உண்டு. 1912 ஜூலை 8 அன்று உயில் எழுதினார்கள். 13ஆம் தேதி ஹெர்ன் பே வீட்டுத் தொட்டியில் பெஸ்ஸி பிணமாகக் கிடந்தார். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னவர் ஐயாதான். பெஸ்ஸி கொலைக்கு மட்டுமே நடந்த விசாரணையில் மற்ற இருவரின் சாவும் சாட்சியமாக நுழைந்தது எப்படி என்பதையும் சலிக்காமல் விளக்கினார்.

அந்த மற்ற இருவரில் ஆலிஸ் பர்ன்ஹாமுக்கு 500 பவுண்டு, மார்கரெட் லாஃப்டிக்கு 700 பவுண்டு ஆயுள் பாலிசி. அந்தக் கணக்கைப் புரியவைத்த இன்சூரன்ஸ் சித்தப்பாவுக்கும் நன்றி. தொட்டியில் இருப்பவரின் காலைப் பிடித்துச் சட்டென்று இழுத்தால் போராட்டமே இல்லாமல் நினைவு தப்பும் என்று சொன்ன டாக்டர் அக்காவுக்கும்தான். வழக்கைத் துப்பறிந்த இன்ஸ்பெக்டர் நீல், நீச்சல் தெரிந்த ஒரு பெண்ணை வைத்துச் சோதித்தபோது அவரும் மூர்ச்சையாகிவிட்டார்!

பழைய செய்திகளைத் தோண்டி எடுத்த தம்பிக்குத் தனி நன்றி. ஸ்மித்தும் ஆலிஸும் வாடகைக்குத் தங்கியிருந்த பிளாக்பூல் வீட்டில், வீட்டுக்காரர்களான கிராஸ்லி குடும்பம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறது. மேலே குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்து கூரையில் ஈரம் படர்கிறது. சற்று நேரத்தில் ஸ்மித் வெளியிலிருந்து வருகிறான், நாளைக் காலைச் சாப்பாட்டுக்கு என்று கையில் முட்டைகளோடு. அந்த இடத்தில் அரங்கமே மூச்சு விடவில்லை. பிறகு லாஃப்டி இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்து, ஜோசப் கிராஸ்லியும் ஆலிஸின் அப்பா சார்லஸ் பர்ன்ஹாமும் தனித்தனியே போலீசுக்குத் தெரிவித்தார்கள். என்னைக் கேட்டால், 1915 ஆகஸ்ட் 13 அன்று மெய்ட்ஸ்டோன் சிறையில் அவனைத் தூக்கு மேடை ஏற்றியவர்கள் இவர்கள் இருவரும்தான்.

அப்புறம், மைக், நாற்காலி, சுண்டல் என்று பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் நன்றி.

“பெஸ்ஸிக்கு வாங்கிய தொட்டி என்ன ஆனது?” என்று கடைசி வரிசையிலிருந்து கேட்ட அம்மாவுக்கு நேரமின்மையால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. 2 பவுண்டு சொன்ன தொட்டியை பேரம் பேசிக் குறைத்து எடுத்தான், அம்மா. காரியம் முடிந்ததும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அன்புடன்,
உங்கள் வாசகர் வட்டத் தோழி