பேத்திக்கு ‘மீரா’, சம்பந்திக்கு ‘மீரே’

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

நலம். உமது முழங்கால் நோ இப்போது எப்படி? இங்கே மழை இல்லை, கிணறு வற்றிக்கொண்டு போகிறது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு மாட்ரிட்டிலிருந்து மகன் குடும்பம் வருகிறது. 25 நாளும் நிற்பார்கள். மருமகளின் தாயாரும் கூட வருகிறார். அவருக்கும் பேத்திக்கும் ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். அதனால் மூன்று மாதமாக விடியப்புறம் எழும்பிக் கொப்பியும் பேனையுமாக இருக்கிறேன்.

ஏவலில்தான் தொடங்கினேன். நாலு வயதுப் பிள்ளையோடு வேறென்ன பேசப்போகிறோம்? பார், பாடு, சாப்பிடு, இவைதானே. ‘மிரார்’ என்றால் பார்ப்பது. கடைசி ‘ர்’ போனால் ‘மீரா’, பார். ‘காந்தார்’ பாடுவது, ‘காந்தா’, பாடு. ‘த’வைக் கொஞ்சம் வன்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டும் எங்கள் பெண்பிள்ளைகளின் பெயர் மாதிரி இருப்பதால் மறக்கவே இல்லை. சாப்பிடுகிற ‘கொமேர்’ ‘கோமே’ ஆகும். எழுதுகிற ‘எஸ்கிரிபீர்’ மட்டும் ‘ஈ’யை விட்டு ‘எஸ்கிரீபே’ ஆகும். ‘அவள் பாடுகிறாள்’ என்பதற்கும் ‘காந்தா’தான். சொல்லுகிற விதத்தில்தான் ஏவல் இருக்கிறது.

சம்பந்தியம்மாவிடம் அப்படிச் சொல்ல முடியாது. மரியாதைக்குக் கடைசி உயிர் மாறும்: ‘ஆ’ இருந்த இடத்தில் ‘ஏ’, ‘ஏ’ இருந்த இடத்தில் ‘ஆ’. பேத்திக்கு மீரா, கோமே. சம்பந்திக்கு மீரே, கோமா. வாசலில் நின்று ‘பாசே’ என்றால் ‘உள்ளே வாங்கோ’. நாங்கள் ‘ங்கோ’ சேர்த்துக் காட்டுகிற மரியாதையை அவர்கள் ஒரு உயிரெழுத்தைப் புரட்டியே காட்டிவிடுகிறார்கள். எவ்வளவு அழகு, பாரும்!

ஒன்றுதான் மனதுக்குக் குறையாக இருக்கிறது. எங்களிடம் வா, வாரும், வாங்கோ என்று மூன்று படி. மாட்ரிட்டில் இரண்டுதான். ஐம்பது வருடமாக நாம் ‘வாரும், இரும்’ என்று பேசிவருகிற அந்த நடுப்படி அங்கே இல்லை. ‘எனக்கு எழுது’ என்பதை அவர்கள் ஒரே சொல்லாக ஒட்டி ‘எஸ்கிரீபெமே’ என்பார்கள். உமக்கு அதை எழுதினால் மதிப்புக் குறைகிறது. ‘எஸ்கிரீபாமே’ என்றால் நீர் தூரத்து ஆளாகிவிடுகிறீர்.

சரி, தமிழிலேயே கேட்கிறேன். கால் நோ எப்படி என்று எழுதும். தேருக்கு முன்னமே வாரும். பின் அறையை உமக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்