பளுதூக்குதலை மலிவு என்று எழுதிய உங்களுக்கு

அன்புள்ள சார்,

இன்று ஏப்ரல் 7. 2018-ல் இதே நாளில் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் பளுதூக்குதலில் தங்கம் வாங்கினார். அது சீனா இல்லாத போட்டியில் வந்த மலிவான தங்கம் என்று நீங்கள் எழுதியது உங்களுக்கே நினைவிருக்கும். அதையேதான் போன வாரமும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் இங்கே போடவில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பையன்கள், அவர்கள் உங்களைத் திட்டக் கிளம்புவதை நான் விரும்பவில்லை. தனியாக அனுப்பாமல் இப்படிப் பொதுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். ஆனால் நீங்களும் பொதுவில்தானே எழுதினீர்கள் சார்? வேலூரில் எங்கள் சத்துவாச்சாரியிலும் அதைப் படித்தார்கள்.

2018-ல் அந்தச் சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. கோல்டு கோஸ்ட், 77 கிலோ பிரிவு. ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச் முடிந்தபோது சதீஷ் 144 கிலோ, இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145. ஒரு கிலோ பின்னால். தேசியப் போட்டியில் 194 தூக்கப்போய்த் தொடையில் அடிபட்டு வந்தவர் சதீஷ். அதனால் என் பக்கத்தில் இருந்த பெரியவர் எடை மாட்டிய ராடைப் பார்க்கவே இல்லை. "தொடையைப் பாரு, தொடையைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்தது கிளீன் அண்ட் ஜெர்க், முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் தூக்குவது. ஆலிவர் 167-ஐத் தூக்கிவிட்டு 171 கேட்டார், விழுந்தது. மறுபடியும் அதே 171, மறுபடியும் விழுந்தது. சதீஷ் 173-ஐத் தலைக்கு மேல் நிறுத்தினார். இரண்டையும் கூட்டினால் சதீஷ் 317, ஆலிவர் 312. தங்கம் நமக்கு என்று தெரிந்தும் முதலில் யாரும் கத்தவில்லை. "பாவம்டா அந்தப் பையன்" என்றார் பெரியவர். அப்புறம்தான் வெடி.

உங்கள் கட்டுரையில் அந்த 171 இல்லை, தொடை இல்லை. சீனா இல்லாத போட்டி, அதனால் மலிவான தங்கம் என்பது மட்டும் இருந்தது.

சரி, கணக்கைப் பேசுவோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சதீஷ் தூக்கியது 329, பதினோராவது இடம். அங்கே முதலிடத்தின் எடை 379. ஐம்பது கிலோ வித்தியாசம். இதை நான் மறைக்க மாட்டேன், எங்கள் பயிற்சிக் கூடத்தில் யாரும் மறைப்பதில்லை. ஆனால் அந்த 379-ல் தங்கம் வாங்கிய கஜகஸ்தானின் ரஹிமோவிடமிருந்து 2022-ல் ஊக்கமருந்து வழக்கில் பதக்கம் பறிக்கப்பட்டதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். அதே எடையைத் தூக்கிய சீனாவின் லூ சியாவ்ஜுன் இருந்தார், உண்மைதான். இந்தியாவுக்கும் இதில் கறை உண்டு, 2004 ஏதென்ஸில் நம் வீராங்கனைகள் இருவர் சிக்கினார்கள். அது எங்களுக்கும் வலிக்கிறது. அதற்காக அந்தக் கறையைப் பூசிக்கொள்ளாத ஒருவர் வென்றதை மலிவு என்பதா?

மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கியதும் நீங்கள் உருகி எழுதினீர்கள். அந்தப் பெண் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெள்ளி வாங்கி, ரியோவில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முறையும் தவறவிட்டு, கோல்டு கோஸ்டில் தங்கத்தோடு எழுந்தவர். நீங்கள் மலிவு என்ற மேடைதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. இது உங்களுக்குத் தெரியாதா? தெரியும். கிரிக்கெட்டை எத்தனை நாடுகள் விளையாடுகின்றன என்று ஒருநாளும் கேட்காதவருக்கு இங்கே மட்டும் தராசு எங்கிருந்து வந்தது?

கோபமாக எழுதிவிட்டேன். உங்களிடம்தான் நான் ஆங்கிலம் படித்தேன் சார். தோற்றுப்போன ஒரு ஹாக்கி கோல்கீப்பரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. தோற்றவனை அவ்வளவு மரியாதையாக எழுதத் தெரிந்த கை உங்களுடையது. அதனால்தான் என் டியூஷனில் பையன்களுக்கு உங்கள் கட்டுரைகளை வெட்டிக் கொடுத்து வந்தேன். இங்கே ராணுவத்துக்கும் ரயில்வேக்கும் போக நினைக்கும் பிள்ளைகள் அதிகம். அதற்கு விளையாட்டு ஒதுக்கீடு ஒரு வழி, ராடு ஒரு வழி. சதீஷின் அப்பாவே ராணுவத்தில் இருந்தவர், பளுதூக்கியவர்.

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு பையன் கேட்டான்: "அப்போ நான் தூக்குறதும் சும்மாவா சார்?" திங்கட்கிழமையிலிருந்து உங்கள் கட்டுரைகளை வகுப்பில் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு இது சுலபமாக இல்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். வேலூருக்கு வாருங்கள். அந்தப் பையனிடம் பதில் சொல்லுங்கள்.