கப்பல் ஏறப் போகும் மகளுக்கு

திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கோணேசர் புண்ணியத்தில் நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். ஆச்சியின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. திருக்கடலூர்ப் பக்கம் வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏற்றித்தான் கிடக்கின்றன. தம்பி இரவு ரெயினில் கொழும்புக்கு வருகிறான். நீ கேட்ட பிறப்புச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன், கூடவே இந்தக் கடிதத்தையும். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுத்தில் இருந்தால் ஆறுதலாக எடுத்துப் பார்ப்பாய்.

முதலில், உலகம் சுற்றும் பயணிகள் கப்பலில் உன் பேக்கரி வேலைக்கு ஏஜென்சி போட்ட அந்த ரிக்கற் அலுவல். விமானம் காலையில் ஹீத்ரோவில் இறங்குகிறது, அன்று பின்னேரமே சவுதாம்ப்டனில் கப்பல் வெளிக்கிடுகிறது என்று நீ சொன்னதில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நடுவில் இன்னொரு விமானம் வேறு மாற வேண்டும். தை மாதத்தில் அங்கே மூடுபனி வந்தால் விமானங்கள் பிந்தும். ஹீத்ரோவில் இருந்து சவுதாம்ப்டன் நூறு கிலோமீற்றருக்கு மேல். குடிவரவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, கூட்டிப்போகும் வான், றோட்டு நெரிசல் எல்லாவற்றையும் கூட்டிப் பார். வேலைக்குச் சேருகிறவர்கள் பயணிகள் ஏற முதலே ஏறியிருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் சமாளிக்க நேரம் இல்லை.

கப்பல் ஓர் ஆளுக்காக நிற்காது மகள். நான் துறைமுகத்தில் கயிறு கட்டி அவிழ்த்த ஆள். சீனன்குடாவில் பிறீமா ஆலைக்குக் கோதுமை கொண்டு வந்த பெரிய கப்பல்கள் திரும்பிப் போகும் நாட்களில் துறைமுகத்தில் கப்பலுக்கு வழி காட்டும் பைலட் ஏறினவுடன் மேல்தட்டில் இருந்து ஒரு கை அசையும். நாங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, மணிக்கட்டை விடத் தடித்த அந்த நனைந்த கயிற்றின் கண்ணியை இரும்புக் குற்றியில் இருந்து தூக்கிக் கழற்றித் தண்ணீரில் போடுவோம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று கழன்று வந்து, கடைசிக் கயிறும் போனவுடன் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரியும். ஒரு முழம்தான். அதற்குப் பிறகு ஆர் ஓடி வந்தாலும் சரி. ஊருக்குள் சாமான் வாங்கப் போன மாலுமி ஒருவன் பையோடு வந்து என் பக்கத்தில் நின்று தன் கப்பலைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கப்பல்காரர் கல்நெஞ்சர் என்று சொல்ல மாட்டேன். பைலட், இழுவைப் படகு, அடுத்த துறைமுகத்தில் பேசி வைத்த இடம் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துக் காசு ஓடுகிறது.

உன் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம் போர்த்துக்கல்காரரின் மதெய்ராத் தீவு, அதற்கடுத்தது அத்திலாந்திக்குக்கு அந்தப் பக்கம். புதிதாகச் சேருகிற பிள்ளைக்கு இன்னொரு ரிக்கற் போட்டு அங்கே அனுப்புவார்களா, அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பிடிப்பார்களா? அதனால் ஏஜென்சிக்குப் போய் மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேள்: ஒரு நாள் முந்திப் போகிற மாதிரி ரிக்கற்றை மாற்றித் தாருங்கள், சவுதாம்ப்டனில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று. கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படாதே. நேரத்துக்கு நிற்க விரும்புகிற ஆளை ஒருவரும் வேண்டாம் என்று சொல்லார்கள். தங்கும் காசு தங்களுக்குக் கட்டாது என்றால் நான் தருகிறேன். அதற்கு நான் வழி வைத்திருக்கிறேன், நீ அதை யோசிக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்தொழிலாளர் வேலைக்கென்று 2006-இல் வந்த சர்வதேச உடன்படிக்கையின்படி, வேலை எடுத்துத் தருவதற்கு உன்னிடம் ஒரு சதமும் வாங்கக் கூடாது. பாஸ்போட், கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்று இவற்றின் செலவை மட்டும் உன் தலையில் போடலாம். எங்கள் ஊரிலேயே ஒரு பொடியன் தாயின் நகையை விற்று ஓர் இடத்தில் லட்சக்கணக்கில் கட்டிப்போட்டு இன்னும் அழைப்புக்குக் காத்திருக்கிறான். உன்னிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்பது நல்ல அறிகுறி. கடைசி நேரத்தில் ‘அவசரச் செலவு’ என்று ஆராவது வாய் திறந்தால் உடனே எனக்குச் சொல்லு.

கடதாசிகள். பாஸ்போட், அதில் குத்தின கப்பல் வேலையாட்களுக்கான அமெரிக்க சி1/டி விசா, கடலோடிப் புத்தகம், அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள், மருத்துவச் சான்று, ஒப்பந்தம், ஏஜென்சி தந்த கடிதம், மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை. இவ்வளவும் கைப்பையில், உன் உடம்போடு. பெரிய பெட்டிக்குள் ஒன்றும் போகக் கூடாது. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போட்ட அந்த ஊசி 10 நாளுக்குப் பிறகுதான் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அந்த மஞ்சள் அட்டையைத் தொலைத்தாயென்றால் பனாமா போய்த் திரும்பும்போது ஒவ்வொரு துறைமுகத்திலும் பதில் சொல்ல வேண்டி வரும். ஏஜென்சியின் இரவு நேர இலக்கத்தையும் சவுதாம்ப்டனில் இருக்கிற கப்பல் முகவரின் இலக்கத்தையும் கடதாசியில் பேனையால் எழுதிப் பாஸ்போட்டுக்குள் வை. போன் சார்ஜ் இறங்கிப் போன இடத்தில் கடதாசிதான் கதைக்கும். ஒரு சோடி வேலை உடுப்பு, கறுத்தச் சப்பாத்து, உள்ளுடுப்பு, மருந்து இவையும் கைப்பையில் இருந்தால், பெட்டி பிந்தி வந்தாலும் முதல் நாள் வேலைக்கு நிற்பாய். அம்மா மின்சாரக் கேத்தல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறா. அதைத் தம்பியிடம் கொடுத்து விடவில்லை. தீ பிடிக்கும் என்று கப்பல் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஏறின அன்றே அபாயப் பயிற்சி வைப்பார்கள். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். அந்தச் சத்தம் கேட்டவுடன் உன் கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முதல் இரவே நடந்து பழகிக்கொள். உன் அறையில் இருந்து ஒரு தரம், அடுப்படியில் இருந்து ஒரு தரம், சாப்பாட்டு அறையில் இருந்து ஒரு தரம். புது இடத்தில் எல்லாரும் களைத்துப்போய் நித்திரைக்குப் போவார்கள். நீ அந்த அரை மணித்தியாலம் மினக்கெடு.

தை மாதத்தில் ஏன் வெளிக்கிடுகிறார்கள் என்று அம்மா கேட்டா. வடக்கில் குளிர் கடுமையாக இருக்கும்போது பயணிகளைத் தெற்கு வெயிலுக்குக் கொண்டுபோய், சித்திரை வாக்கில் திருப்பிக் கொண்டுவந்து விடுவது பழைய ஏற்பாடு. 1922-இல் நியூயோர்க்கில் இருந்து லக்கோனியா என்ற கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு உலகத்தைச் சுற்ற வெளிக்கிட்டு அடுத்த வருடம் திரும்பியது. அதில் இருந்துதான் இந்தத் தொழில் வளர்ந்தது. நூறு நாளுக்கு மேல் ஒரே கப்பல், ஒரே முகங்கள். உன் பாணையும் பணிசையும் தின்று அவர்கள் உலகம் பார்ப்பார்கள். நீ இரவு முழுக்க மாவோடு நிற்பாய். விடியற்காலையில் சூடான பாண் மேசைக்குப் போக வேண்டுமென்றால் பேக்கரிக்காரருக்கு இரவுதான் பகல். நிலாவெளி ஹோட்டலில் நீ அதைப் பழகியவள்தான், ஆனால் அங்கே வீட்டுக்கு வந்து படுத்தாய்.

அதனால் ஓய்வு நேரம் பற்றிக் கவனமாக இரு. 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலம், ஏழு நாளில் 77 மணித்தியாலம் ஓய்வு. இது உன் உரிமை. பதிவில் கையெழுத்து வைக்கும்போது உண்மையான நேரத்தை எழுது. மேலே உள்ளவர் வேலை நேரத்தைக் குறைத்துப் போடச் சொன்னால், முறைப்பாடு சொல்வதற்கென்று ஒரு நடைமுறைத் தாள் ஏறும்போதே தருவார்கள். அதை எறிந்துவிடாதே.

உங்கள் கப்பல் மேற்காகப் போகிறது என்றாய். நல்லது. மேற்காகப் போனால் ஒவ்வொரு சில நாளும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள், உனக்கு ஒரு மணித்தியால நித்திரை கூடும். கிழக்காகப் போகிறவர்களுக்கு அது குறைந்துகொண்டே போகும். அப்படிச் சேர்த்த மணித்தியாலம் எல்லாவற்றையும் பசுபிக்கின் நடுவில், நாள் மாறும் கோட்டில் ஒரே அடியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு முழு நாள் கலண்டரில் இருக்காது. 1519-இல் வெளிக்கிட்டு 1522-இல் உலகத்தைச் சுற்றித் திரும்பின ஸ்பானியக் கப்பலில், ஒரு நாளும் தவறாமல் குறிப்பு எழுதி வந்தும், கரைக்காரர் தங்களுக்கு ஒரு நாள் முன்னால் நிற்பதைக் கண்டு திகைத்துப் போனார்களாம். தம்பியின் பிறந்தநாள் அந்தக் கிட்டடியில்தான் வருகிறது. கணக்குப் பிழைக்காமல் முன்கூட்டியே வாழ்த்தி விடு, பொடியன் வெளியில் காட்டமாட்டான், ஆனால் பார்த்துக்கொண்டிருப்பான்.

சவுதாம்ப்டனில் நிற்கும் மட்டும் எங்களுக்கும் உனக்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம். ஹவாய் போனால் பதினைந்தரை. அங்கே இரவு 8 மணிக்கு நீ எடுத்தால் இங்கே மறுநாள் பகல் 11.30, அம்மா அடுப்படியில் நிற்பா. நாங்கள் நித்திரை என்று யோசித்துக்கொண்டு எடுக்காமல் விடாதே.

பனாமாக் கால்வாயில் நீ வேலையில் நின்றாலும் பொறுப்பாளரிடம் கேட்டு ஒரு பத்து நிமிடம் வெளியே வந்து பார். எனக்காகப் பார். 1914-இல் திறந்த கால்வாய் அது. சூயசைப் போலக் கடல் மட்டத்தில் வெட்டினது இல்லை. கதவு போட்ட பெரிய அறைகளுக்குள் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கப்பலைப் படிப்படியாக 26 மீற்றர் உயரத்துக்குத் தூக்கி, மேலே ஒரு வாவியால் கொண்டுபோய், அந்தப் பக்கம் இறக்கி விடுகிறார்கள். பழைய அறைகளின் அகலம் 33.5 மீற்றர். அதற்குள் 32.3 மீற்றர் அகலக் கப்பல் நுழையும். பக்கத்துக்கு இரண்டடிதான் மிச்சம். கரையில் தண்டவாளத்தில் ஓடும் சின்ன எஞ்சின்கள் கம்பியால் கப்பலை இரு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் வைத்திருக்கும். அந்தக் கம்பிக்கு முதல் கயிற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க, துடுப்புப் படகில் இரண்டு பேர் வருவார்கள். அவ்வளவு பெரிய இயந்திரம் எல்லாம் வைத்துவிட்டு, முதல் கயிறு இன்னும் மனிதக் கையால்தான் போகிறது. அவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள், எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்த்து எனக்குச் சொல்லு. உங்கள் கப்பலில் கயிறு கட்டும் தட்டால் நடக்க வேண்டி வந்தால், இறுகி நிற்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு வினாடியும் நிற்காதே. கயிறு அறுந்தால் கண் காண முதல் ஆளை அடிக்கும்.

உன் பெரிய மாமி வந்திருந்தா. பெண்பிள்ளையை இவ்வளவு மாதம் கடலுக்கு விடுவதா என்று அம்மாவுக்கு முன்னால் கேட்டா. நான் சொன்னேன்: எங்கள் ஊரில் இருந்து எத்தனை பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள், அவர்கள் பாஸ்போட்டை எசமான் வாங்கி வைத்தபோது எந்த உறவு போய்க் கேட்டது? என் மகள் ஒப்பந்தத்தோடு, தன் பெயரில் சம்பளத்தோடு, படித்த தொழிலுக்குப் போகிறாள். அதற்குப் பிறகு மாமி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேறு கதை கதைத்தா. அம்மா அழுதது உண்மை. நீ இதைப் பற்றி அவவிடம் கேட்காதே. அழுதுவிட்டு உனக்குக் கம்பளி மேலுடுப்பில் பட்டன் தைத்துக்கொண்டு இருந்தா, அதுதான் தம்பியிடம் வருகிறது.

சவுதாம்ப்டனில் தை மாதம் காலை எட்டு மணிக்குத்தான் விடியும், பின்னேரம் நாலரைக்கு முன்னமே இருட்டிவிடும். முதல் நாள் மனம் சோர்ந்து போனால் அந்த இருட்டும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள். பிஸ்கே விரிகுடாப் பக்கம் குளிர்காலத்தில் அலை தடிப்பாக இருக்கும். மூதூர் லோஞ்சில் நீ பட்ட பாடு தெரியும். வெறும் வயிற்றோடு நிற்காதே, காய்ந்த பாணும் இஞ்சியும் வாயில் இருக்கட்டும். வேலையாட்களின் அறை கீழே இருப்பது நல்லதுதான், அங்கே ஆட்டம் குறைவு.

ஆராவது எந்த ஊர் என்று கேட்டால் திருகோணமலை என்று முழுதாகச் சொல்லு. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற இடத்தில் எங்கள் ஊரின் பெயர் வைத்த கப்பல் ஒன்று இன்றைக்கும் மிதக்கிறது. 1817-இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டினது. வடக்கே தூரம், உனக்குப் போகக் கிடைக்காது. கடல் தெரிந்தவர்கள் சிலர் பெயரைக் கேட்டவுடன் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

செங்கடலில் 2023 கடைசியில் தொடங்கின தாக்குதலுக்குப் பிறகு நிறையக் கப்பல்கள் சூயசை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றித்தான் போகின்றன. உன்னுடையதும் அப்படியே என்று நீ அனுப்பின பட்டியலில் பார்த்தேன்: சிங்கப்பூர், கொழும்பு, மொறீசியஸ், கேப்டவுன். நாள் கூடினாலும் எனக்கு அதுதான் நிம்மதி.

கொழும்பில் நிற்கிற அன்று நானும் அம்மாவும் முதல் நாளே வந்து வெள்ளவத்தையில் தங்குவோம். வேலையாட்களின் வீட்டுக்காரர் உள்ளே வர அனுமதி எடுப்பதென்றால் எத்தனை நாளுக்கு முன்னம் பெயர் கொடுக்க வேண்டும் என்று கப்பலில் விசாரித்து எழுது. அனுமதி கிடைக்காவிட்டால் துறைமுக வாசலில் நிற்போம், உனக்கு ஒரு மணித்தியாலம் கிடைத்தாலும் போதும். எங்கள் இருவரின் அடையாள அட்டைப் படத்தையும் தம்பி உன் போனுக்கு அனுப்புவான். முதல் சம்பளத்தை இங்கே அனுப்பாதே, உன் பெயரிலேயே கிடக்கட்டும்.

அன்புடன்,
அப்பா