3-ம் நம்பர் கூண்டுனா கடலுக்குப் போலாமா, வேணாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மழை சீசன் ஆரம்பிச்சாலே டிவில "துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கை கூண்டு ஏற்றம்"னு ஓடும். எங்கம்மா ஒவ்வொரு தடவையும் கேக்குறது ஒன்னுதான், "3னா உங்கப்பா தொழிலுக்குப் போலாமா வேணாமாடா?" நானே தேடிப் படிச்சுதான் தெரிஞ்சுகிட்டேன், 1னா தூரக் கடல்ல ஏதோ உருவாகியிருக்கு, 3னா துறைமுகத்துலயே பலத்த காத்து வீசலாம், 11னா தகவல் தொடர்பே அறுந்துபோச்சு. இத்தன வருஷத்துல யாரும் எங்க ஊருக்கு வந்து உக்காந்து இத சொன்னதில்ல. காத்து மணிக்கு 62 கிலோமீட்டர தொட்டாத்தான் புயல்னு பேரு, ஆனா 50ல அடிச்சாலே ஃபைபர் போட்டுக்கு ஆபத்துதான், அப்புறம் "இன்னும் புயலா மாறல"ன்னு நியூஸ்ல சொன்னா அத நம்பி கெளம்புறவங்க கதி என்னாகும்?

2017 ஒக்கி நவம்பர் 30 காலையிலதான் புயலா மாறுச்சு, அதுக்குப் பல நாள் முன்னாடியே கன்னியாகுமரி மாவட்டத்து தூத்தூர், வள்ளவிளை ஆளுங்க தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடல்லயே தங்கி மீன் புடிக்க, ஆழ்கடல் போயிட்டாங்க, அங்க செல்போன் டவர் ஏது, நிறைய பேர் திரும்பி வரவே இல்ல.

புதுச்சேரி நல்லவாட்ட பாருங்க. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊர்ல ஒரு தகவல் மையமும் ஸ்பீக்கரும் வச்சுக் குடுத்திருந்துச்சு. 2004 சுனாமி அன்னிக்கு சிங்கப்பூர்ல வேலை பாத்த ஊர்ப் பையன் வீட்டுக்கு போன் பண்ணி சொல்ல, சனங்க மையத்துக் கதவ உடைச்சு உள்ள போயி மைக்க போட்டு எல்லாரையும் ஓடச் சொன்னாங்க, ஊரே பிழைச்சுது. சேதி சொல்ற மைக்கு ஊருக்குள்ளயே, நம்ம கைக்கு எட்டுற தூரத்துல இருந்ததாலதான் இது நடந்துச்சு.

நாங்க சொல்றதையும் வானிலை ஆபீஸ்காரங்க கேக்கணும். அப்பா விடிகாலை 4 மணிக்கு கரையில நின்னு, அடிக்கிறது வாடையா (வடக்குக் காத்து) கொண்டலான்னு (கிழக்குக் காத்து) முகத்துலயே வாங்கிப் பாப்பாரு, கடல்ல நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்குதுன்னு வலைக் கயித்தப் புடிச்சே சொல்லிடுவாரு. வானிலை ஆபீஸ்காரங்க வருஷாவருஷம் அக்டோபருக்கு முன்னாடி ஒவ்வொரு மீனவ கிராமத்துக்கும் வந்து மீன் ஏலக்கூடத்துல அர நாள் எங்காளுங்களோட பேசணும், அவங்க மேப்ப காட்டட்டும், நாங்க எங்க கணக்க சொல்றோம்.

உங்க பேப்பர்லயும் ஒரு உதவி பண்ணுங்க சார். கூண்டு நம்பர் போடுறப்ப பக்கத்துலயே போலாமா வேணாமான்னு பெரிய எழுத்துல ஒரு கட்டம் போடுங்க, அம்மா அத வெட்டி அடுப்படி செவுத்துல ஒட்டி வச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
ஒரு மீனவர் மகன், நாகப்பட்டினம் மாவட்டம்